பிரேக்கை விட்ட பிறகுதான் சம்பளம்

2007-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய விமான நிறுவனத்தில் துணை விமானியாகச் சேர்ந்தபோது என் சம்பளம் மணிக்கு 22 டாலர். 2022 இறுதியில் அதே நிறுவனத்தில், அதே வேலைக்குச் சேர்ந்தவருக்கு மணிக்கு 90 டாலர். இடையில் போன பதினைந்து வருஷத்தில் அமெரிக்க விலைவாசி ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை. இந்தச் சம்பளம் மட்டும் நான்கு மடங்கானது.

அன்று வலப்பக்க இருக்கையில் இருந்தேன். இன்று இடப்பக்கத்தில் கேப்டனாக உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இரண்டு காலத்தையும் உள்ளே இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். சம்பளம் விமானிக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள விவகாரம், பயணிக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பின்னால் 50 பேரை உட்காரவைத்து ஓட்டுகிறவர் முந்தின இரவு எங்கே படுத்தார், வயிறாரச் சாப்பிட்டாரா, காய்ச்சல் அடித்தால் லீவு போட அவருக்குக் கட்டுப்படியானதா? இதையெல்லாம் அந்தச் சம்பளம்தான் முடிவு செய்தது.

மணிக் கணக்கு

வேலை கிடைத்த செய்தியைத் திருச்சிக்குப் போன் போட்டுச் சொன்னபோது அம்மா உடனே கணக்குப் போட்டாள். மணிக்கு 22 டாலர், நாளைக்கு எட்டு மணி நேரம், மாதத்துக்கு 26 நாள், அன்று டாலருக்கு 40 ரூபாய்.

“ஏம்ப்பா, மாசம் ஒன்னே முக்கால் லட்சத்துக்கு மேல வருமா?”

“அப்படி இல்லம்மா. பறக்கிற நேரத்துக்கு மட்டும்தான் காசு.”

“மத்த நேரமெல்லாம்?”

அந்தக் கேள்விக்கு இன்றுவரை சரியான பதில் கிடையாது. விமானத்தின் கதவைச் சாத்தி, பார்க்கிங் பிரேக்கை விட்ட நொடியில் சம்பளக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். போய்ச் சேர்ந்த ஊரில் பிரேக் போட்டதும் நின்றுவிடும். மாதத்துக்கு 75 மணி நேரம் உத்தரவாதம். வரிக்கு முன் 1,650 டாலர். வருஷத்துக்கு 20,000-ஐத் தொடாது. பறக்கக் கற்றுக்கொள்ள வாங்கிய கடன் 60,000 டாலருக்கு மேல் இருந்தது. அதன் தவணையும் வாடகையும் போனால் மளிகைக்கு என்ன மிஞ்சும் என்பது மாதாமாதம் ஒரு புதிர். குழந்தை இருந்த சக விமானிகள் சிலர் அரசு தரும் உணவு உதவிக்கு விண்ணப்பித்தார்கள். அவர்கள் வருமானத்துக்கு அது கிடைக்கவும் செய்தது.

ஒரு ஜனவரி காலையைச் சொல்கிறேன். நாலரை மணிக்கு ஓட்டல் வேன். ஐந்து மணிக்கு விமானத்தடியில் டார்ச்சோடு நிற்பேன். கையுறையைக் கழற்றினால்தான் சக்கர அறைக்குள் விரலை விட்டுக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க முடியும். இறக்கையின் முன் விளிம்பில் பனி உறைந்திருக்கிறதா, எஞ்சின் வாயில் பனிக்கட்டி நிற்கிறதா, காற்றின் வேகத்தை அளக்கும் குழல்களின் உறை கழற்றப்பட்டுவிட்டதா என்று சுற்றி வந்து பார்க்க வேண்டும். பிறகு உள்ளே போய் வழித்தடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, எடைக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். விபத்தைத் தடுக்கும் வேலையில் பாதி இந்த ஒரு மணி நேரத்தில் நடக்கிறது. அதற்குச் சம்பளம் கிடையாது. பதினான்கு மணி நேரம் பணியில் இருந்துவிட்டு, ஐந்து மணி நேரச் சம்பளத்தோடு ஓட்டலுக்குப் போன நாட்கள் சாதாரணம். வெளியூரில் இருக்கும் நேரத்துக்குச் சாப்பாட்டுப் படியாக மணிக்கு ஒன்றரை டாலர் வரும். அதை மிச்சம் பிடிக்க வீட்டிலிருந்து சாதம் கட்டிக்கொண்டு போவோம்.

பெயர் ஒன்று, பட்டுவாடா வேறு

எங்கள் விமானத்தின் வாலில் இருந்தது ஊரறிந்த ஒரு பெரிய நிறுவனத்தின் சின்னம். டிக்கெட்டை விற்றதும் அவர்கள்தான். எங்கள் கம்பெனியின் பெயர் கதவோரம் சிறிய எழுத்தில் இருக்கும். பெரும்பாலான பயணிகள் அதைப் படித்ததில்லை. அமெரிக்க உள்நாட்டுப் பயணங்களில் அன்று ஏறக்குறைய பாதியை இப்படிப்பட்ட பிராந்திய நிறுவனங்கள்தான் ஓட்டின.

நம் ஊரில் நகராட்சி துப்புரவுப் பணியை ஒப்பந்தத்துக்கு விடுவதைப் போன்ற ஏற்பாடு இது. பெரிய நிறுவனம் இத்தனை புறப்பாட்டுக்கு இத்தனை தொகை என்று பேசிக் கொடுத்துவிடும். எரிபொருள் செலவை அதுவே ஏற்றுக்கொள்ளும். பல ஒப்பந்தங்களில் விமானமும் அதனுடையதாகவே இருக்கும். ஆக, ஒப்பந்தம் எடுக்கும் சிறிய நிறுவனம் தன் கையால் குறைக்கக்கூடிய பெரிய செலவு என்று ஆள் கூலிதான் மிஞ்சும். ஒரு நிறுவனத்தில் ஆட்கள் பழையவர்களாகிச் சம்பளம் ஏறினால், அடுத்த ஒப்பந்தம் இன்னொரு இளைய நிறுவனத்துக்குப் போகும். அங்கே எல்லோரும் புதியவர்கள், எல்லோருக்கும் முதல் வருஷச் சம்பளம்.

இதை எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. சின்சினாட்டியை மையமாகக் கொண்ட காம்ஏர் நிறுவனத்தின் விமானிகள் 2001-ல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து நல்ல ஒப்பந்தம் வாங்கினார்கள். அதன் உரிமையாளரான டெல்டா 2012-ல் காம்ஏரை மூடியது. ஐம்பது இருக்கை ஜெட்டுகள் எரிபொருள் விலைக்குத் தாங்காமல் போனதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் எங்கள் விமானிகள் அறையில் அந்தக் கதை ஒரே மாதிரிதான் சொல்லப்பட்டது: அதிகம் கேட்டால் கடை மூடிவிடும்.

பிறகு ஏன் சேர்ந்தோம்? பெரிய நிறுவனத்துக்குப் போகும் வழி அது ஒன்றுதான். நான்கைந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டால் யுனைடெட், டெல்டா, அமெரிக்கன் என்று போய்விடலாம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையே எங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியாகக் கணக்கிடப்பட்டது. நான் சேர்ந்த வருஷ டிசம்பரில் விமானிகளின் ஓய்வு வயதை 60-லிருந்து 65 ஆக்கிச் சட்டம் வந்தது. மேலே இடம் காலியாவது தள்ளிப்போனது. ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு அந்தச் சட்டம் தேவையாக இருந்தது. திவாலான நிறுவனங்கள் அவர்களுடைய ஓய்வூதியத்தைக் கைவிட்டிருந்தன. அடுத்த வருஷமே பொருளாதார வீழ்ச்சி. பெரிய நிறுவனங்கள் ஆளெடுப்பதை நிறுத்தின. நான்கைந்து வருஷம் என்று வந்தவர்கள் பத்து வருஷம் நின்றார்கள்.

இங்கே இன்னொரு பூட்டும் உண்டு. விமானியின் சம்பளமும், எந்த ஊரிலிருந்து பறப்பது, எந்த நாள் விடுமுறை என்பதும் சீனியாரிட்டி எண்ணைப் பொறுத்தவை. ஒரு நிறுவனத்தில் எட்டு வருஷம் பறந்த கேப்டன் வேறு நிறுவனத்துக்கு மாறினால் பட்டியலின் கடைசியில், முதல் வருஷச் சம்பளத்தில் தொடங்க வேண்டும். அனுபவம் கூடவே வரும், சம்பளம் வராது. இப்படி மாற முடியாதவர்களிடம் யாரும் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

க்யூ கார்டன்ஸில் ஒரு கட்டில்

என் வீடு சிகாகோ பக்கம். மனைவிக்கு அங்கே வேலை. அவள் சம்பளத்தில்தான் குடும்பம் நடந்தது. கம்பெனி எனக்குக் கொடுத்த பணியிடம் நியூயார்க். அந்த ஊரில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கும் யோசனையே எழவில்லை. வேலை நாளுக்கு முந்தின மாலை, ஏதாவது விமானத்தில் காலி இருக்கையிலோ விமானி அறையின் ஜம்ப் சீட்டிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர வேண்டும்.

இரவு தங்க குவீன்ஸ் பகுதியில் க்யூ கார்டன்ஸ் இருந்தது. கென்னடி, லகார்டியா இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவில் இருப்பதால் விமான ஊழியர்கள் நிறைந்த பகுதி. அங்கே நாங்கள் இருந்த இடத்தை கிராஷ் பேட் என்போம். இரண்டு படுக்கையறை வீட்டில் சுவரை ஒட்டி இரண்டடுக்கு, மூன்றடுக்குக் கட்டில்கள். உன் கட்டில், என் கட்டில் என்று கிடையாது. காலியாக இருப்பதில் உன் போர்வையை விரித்துப் படுக்க வேண்டும். எந்நேரமும் யாராவது தூங்குவார்கள், யாராவது கிளம்புவார்கள். அறையில் விளக்குப் போடக் கூடாது. சட்டையில் தோள்பட்டைகளை முந்தின இரவே மாட்டி, சாக்ஸை ஷூவுக்குள் செருகிக் கதவோரம் வைத்துவிட்டுப் படுப்போம். குளிர்சாதனப் பெட்டியில் ஒவ்வொரு டப்பாவிலும் பெயரும் தேதியும் எழுதிய ஒட்டுத்தாள்.

அதற்கும் வழியில்லாதவர்கள் விமான நிலையத்தில் விமானிகள் அறையின் சாய்வு நாற்காலியில் இரவைக் கழித்தார்கள். அங்கே தூங்கக் கூடாது என்று விதி. அதை எழுதியவர்களுக்கு அவர்கள் வேறு எங்கே போவார்கள் என்ற யோசனை இருந்ததாகத் தெரியவில்லை. அன்றைய சட்டப்படி இரண்டு பணிகளுக்கு நடுவில் ஓய்வை எட்டு மணி நேரம்வரை சுருக்கலாம். விமானத்திலிருந்து இறங்கி, வேனுக்குக் காத்திருந்து, ஓட்டல் போய், மறுபடி கிளம்பி வரும் நேரமெல்லாம் அந்த எட்டுக்குள் அடக்கம். தூக்கம் ஐந்து மணி நேரம் கிடைத்தால் அதிகம்.

2009 பிப்ரவரி

அந்த வருஷம் ஜனவரி 15 அன்று கேப்டன் சல்லன்பெர்கர் எஞ்சின்கள் நின்றுபோன ஏர்பஸ்ஸை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார். நாடே கொண்டாடியது. பிப்ரவரி 24-ல் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்த அவர், தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் பறிபோனதையும் சொன்னார். தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பும் விமானி ஒருவரைக்கூடத் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில், பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன கால்கன் ஏர் 3407 விமானம் கிளாரன்ஸ் சென்டர் என்ற சிற்றூரில் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல்.

வேகம் குறைந்ததை எச்சரித்த கருவிக்குக் கேப்டன் தவறாகச் செயல்பட்டு விமானம் நிலைகுலைந்ததே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. இருவருடைய செயல்பாட்டையும் களைப்பு பாதித்திருக்கக்கூடும், எந்த அளவுக்கு என்று அறுதியிட முடியவில்லை என்றும் சொன்னது. சம்பளம்தான் விமானத்தை வீழ்த்தியது என்று யாரும் எழுதவில்லை, நானும் எழுத மாட்டேன். ஆனால் அந்த விசாரணையில் வெளிவந்த விவரங்கள் ஒவ்வொன்றும் எங்களுக்குப் பழக்கமானவை. துணை விமானிக்கு 24 வயது. சியாட்டில் அருகே பெற்றோர் வீட்டில் இருந்தார். முந்தின இரவு சரக்கு விமானத்தில் மெம்ஃபிஸ் வந்து, அங்கிருந்து வேறொன்றில் ஏறி விடிகாலையில் நியூவார்க் சேர்ந்தவர். பகலில் விமானிகள் அறையில் ஓய்வெடுத்தார். வருஷச் சம்பளம் 16,000 டாலர் சொச்சம் என்று முதலில் பேசப்பட்டது. கம்பெனி அதை 23,900 என்றது. எந்தத் தொகையை எடுத்தாலும் நியூவார்க் பக்கம் ஓர் அறை எடுக்கப் போதாது.

விமானி அறையின் ஒலிப்பதிவில் ஒரு பேச்சு இருக்கிறது. அவருக்குச் சளி பிடித்திருந்தது. வீட்டில் இருக்கும்போதே இப்படி இருந்திருந்தால் கிளம்பியே வந்திருக்க மாட்டேன், இங்கே வந்த பிறகு உடம்பு சரியில்லை என்று சொன்னால் குணமாகும்வரை ஓட்டல் வாடகையை நானே கொடுக்க வேண்டும் என்ற பொருளில் கேப்டனிடம் சொல்கிறார். எழுத்து வடிவம் வெளியான அன்று எங்கள் அறையில் அந்தப் பக்கத்தைக் கைமாற்றிப் படித்தோம். யாரும் பேசவில்லை. ஓர் இரவு வாடகையையும் ஒரு நாள் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அந்தக் கணக்கு அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

அழுதுவிட்டு வீட்டுக்குப் போய்விடவில்லை, இறந்தவர்களின் குடும்பத்தார். சிவப்புச் சட்டை அணிந்து ஒவ்வொரு விசாரணைக்கும் வாஷிங்டன் வந்தார்கள். எங்கள் சங்கம் பல காலமாகக் கேட்டும் கிடைக்காததை அவர்கள் விடாமல் நின்று வாங்கினார்கள். 2010 ஆகஸ்டில் சட்டம் வந்தது. 250 மணி நேரம் பறந்தவர்கூட உட்காரலாம் என்றிருந்த வலப்பக்க இருக்கைக்கு 2013 முதல் 1,500 மணி நேரம் தேவையானது. ராணுவ விமானிகளுக்கு 750, விமானத் துறையில் பட்டம் பெற்றவர்களுக்கு 1,000 என்று சலுகை. 2014 ஜனவரி முதல் பணிகளுக்கு நடுவில் பத்து மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தூங்கும் வாய்ப்பு. இன்று நான் ஒவ்வொரு முறை எட்டு மணி நேரம் தூங்கி எழும்போதும் அது அந்தக் குடும்பங்கள் வாங்கித் தந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆள் இல்லையா, கூலி இல்லையா?

சட்டம் அனுபவத்தைக் கேட்டது. அந்த அனுபவத்துக்கு விலை கொடுக்க யாரும் முன்வரவில்லை. 1,500 மணி நேரம் சேர்க்க ஓர் இளைஞர் இரண்டு வருஷம் பயிற்சி விமானத்தில் மாணவர்களோடு சுற்ற வேண்டும். கடன் வளரும். அதன் முடிவில் மணிக்கு 24 டாலர் என்றால் வருவாரா? வரவில்லை. 2014-ல் அரசின் கணக்காய்வு அலுவலகம் விசாரித்த 12 பிராந்திய நிறுவனங்களில் 11 தேவையான புதிய விமானிகளை எடுக்க முடியவில்லை என்றன. அதே அறிக்கை இன்னொன்றையும் காட்டியது. ஆள் பஞ்சம் என்றால் கூலி ஏறியிருக்க வேண்டும். 2000 முதல் 2012 வரை விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் விமானிகளின் வருமானம் இறங்கியிருந்தது.

விளைவுகள் வரிசையாக வந்தன. வயோமிங்கைச் சேர்ந்த கிரேட் லேக்ஸ் நிறுவனம் 19 இருக்கை விமானங்களில் பத்து இருக்கைகளைக் கழற்றியது. ஒன்பது இருக்கை என்றால் வேறு விதித்தொகுப்பு, குறைந்த அனுபவம் உள்ளவரைத் துணை விமானியாக வைக்கலாம். அப்படியும் முடியாமல் 2018 மார்ச்சில் பறப்பதை நிறுத்திக்கொண்டது. 2016 பிப்ரவரியில் ரிபப்ளிக் ஏர்வேஸ் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனபோது, விமானி இல்லாமல் விமானங்களை நிறுத்த வேண்டியிருந்ததைக் காரணமாகச் சொன்னது.

மற்ற நிறுவனங்கள் சேர்ந்தவுடன் ஊக்கத்தொகை என்று அறிவித்தன. ஐயாயிரம், பத்தாயிரம், பிறகு இருபதாயிரம் டாலர். பயிற்சிப் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ஊக்கத்தொகை ஆளைக் கொண்டுவந்தது, வைத்திருக்கவில்லை. நிபந்தனைக் காலம் முடிந்த வாரமே ராஜினாமாக் கடிதம் வரும். நிர்வாகத்துக்கு ஊக்கத்தொகை ஏன் பிடித்தது என்பதும் புரிந்தது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம். சம்பள அட்டவணையில் ஏற்றினால் இறக்குவது கடினம், முதல் வருஷத்தை ஏற்றினால் அடுத்த எல்லா வருஷத்தையும் ஏற்ற வேண்டும். ஒரு விமானியை வகுப்பறையிலும் சிமுலேட்டரிலும் பிறகு பயணிகளோடும் பழக்கி எடுக்க மாதக்கணக்காகும். முடித்து அனுப்புவேன். அவர் கை படிந்துவரும் நேரத்தில் போய்விடுவார். அந்த இருக்கைக்கு மறுபடி ஒரு புது முகம்.

2020-ல் கோவிட் வந்தபோது பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்து ஆயிரக்கணக்கான மூத்த விமானிகளை முன்கூட்டியே ஓய்வுபெற வைத்தன. கூட்டம் யாரும் நினைக்காத வேகத்தில் திரும்பியது. காலியான இடங்களுக்கு எங்களிடமிருந்துதான் ஆள் எடுத்தார்கள். ஓட்ட ஆளில்லாமல் விமானங்கள் நிறுத்தப்பட்டன. 2022 மார்ச்சில் ஸ்கைவெஸ்ட், அரசு மானியத்தில் சேவை பெறும் 29 சிற்றூர்களிலிருந்து விலகுவதாக அறிவித்தது. செப்டம்பரில் அயோவாவின் டபியூக்கிலிருந்து அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வெளியேறியது. இதய ஆபரேஷனுக்குப் பெரிய ஊருக்குப் போகிறவர்களையும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளையும் அந்த மாதிரி ஊர்களிலிருந்துதான் ஏற்றிக்கொண்டு பறந்திருக்கிறேன். கூலியில் மிச்சம் பிடித்த காலத்தின் கடைசித் தவணையை அவர்கள் கட்டினார்கள்.

அந்த வருஷம் ஜூனில்தான் அணை உடைந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் சொந்தமான பீட்மான்ட், என்வாய் இரண்டும் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர், புதிய கேப்டனுக்கு 146 டாலர் என்றன. 2024 ஆகஸ்டுவரைக்குமான கூடுதல் தொகையையும் சேர்த்து வந்த எண்கள் அவை. ஆகஸ்டில் மெசா 100, 150 என்றது. மற்றவர்கள் சில மாதங்களில் பின்னால் வந்தார்கள். கட்டுப்படியாகாது என்று இருபது வருஷமாகச் சொல்லப்பட்ட தொகை ஒரு கோடைக்காலத்தில் கட்டுப்படியானது. கொஞ்ச நாளிலேயே எங்கள் பயிற்சி வகுப்புகள் நிரம்பின. காத்திருப்போர் பட்டியல்கூட வந்தது.

இன்றைய வலப்பக்கம்

சென்ற குளிர்காலத்தில் என்னோடு பறந்தவர்களில் ஒருவர், கோவைக்காரப் பெற்றோருக்கு நியூஜெர்சியில் பிறந்த பெண். விமானத்துக்குள் கேப்டன் என்பார், வெளியே வந்தால் அங்கிள். பணியிடத்துக்கு இருபது நிமிஷத்தில் சொந்த அறை. வங்கிக் கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல், ஆனால் தவணை தவறாமல் போகிறது.

ஒரு நாள் அதிகாலை அட்டவணைப் பிரிவிலிருந்து அழைப்பு. அவருக்குக் காய்ச்சல், மாற்று ஆள் வருகிறார் என்றார்கள். அடுத்த வாரம் பார்த்தபோது கேட்டேன்.

“இப்ப எப்படிம்மா இருக்கு?”

“சரியாயிடுச்சு அங்கிள். ரெண்டு நாள் நல்லா தூங்கினேன். அம்மா ரசம் வச்சுக் கொண்டு வந்தாங்க.” பிறகு கேட்டார்: “நீங்க அந்தச் சம்பளத்துல எப்படி சமாளிச்சீங்க?”

“உன் அத்தையோட சம்பளத்துல,” என்றேன்.

காய்ச்சல் வந்தது, வேலைக்கு வரவில்லை என்று சொன்னார், படுத்துத் தூங்கினார். நடுவில் ஓட்டல் வாடகைக் கணக்கு எதுவும் வரவில்லை. நான்கு மடங்கான சம்பளம் பயணிகளுக்கு வாங்கிக் கொடுத்தது இதைத்தான். காய்ச்சலோடு ஒருவர் அன்று அந்த விமானத்தை ஓட்டவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. பெரும்பாலான பிராந்திய நிறுவனங்களில் இன்றும் பிரேக்கை விட்ட பிறகுதான் சம்பளம். இன்றும் துணை விமானி பனியில் சுற்றிப் பார்க்கும் நேரத்துக்குக் காசில்லை. தொடக்கக் கடன் கூடிக்கொண்டே போவதால், கையில் சொத்தில்லாத வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே தயங்குகிறார்கள். கேப்டனாவதற்கு விமான நிறுவனச் சேவையில் 1,000 மணி நேரமாவது துணை விமானியாகப் பறந்திருக்க வேண்டும் என்பது விதி. அதை முடித்தவர்கள் மேலே போய்விட்டதால் வலப்பக்கத்துக்கு ஆள் நிறைந்த பிறகும் இடப்பக்கத்துக்குக் கேப்டன் போதாமல் விமானங்கள் நின்றன. ஆளை வைத்துக்கொள்ளாமல் வழியனுப்பிக்கொண்டிருந்த காலத்தின் பாக்கி அது. டபியூக் போன்ற ஊர்கள் இழந்ததை முழுதாகத் திரும்பப் பெறவில்லை.

2023-24-ல் பெரிய நிறுவனங்கள் ஆளெடுப்பதைக் குறைத்ததும் பழைய பேச்சும் திரும்பியது: விமானிகள்தான் கிடைக்கிறார்களே, இவ்வளவு கொடுக்க வேண்டுமா? சிமுலேட்டர் நேரத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டு 1,500 மணி நேர விதியைத் தளர்த்தவும் முயற்சி நடந்தது. சிவப்புச் சட்டைக் குடும்பங்கள் மறுபடி வாஷிங்டன் போனார்கள். 2024 மே மாதம் கையெழுத்தான சட்டத்தில் விதி அப்படியே நின்றது.

விதிக்குக் காவலிருக்க அவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்துக்குக் காவல் யார்? செலவைக் குறைக்கிறோம் என்று போதிய எரிபொருள் இல்லாமல் எந்த நிறுவனமும் விமானத்தை அனுப்ப முடியாது, சட்டம் விடாது. ஓட்டுகிறவர் வாடகை கொடுக்க முடியாத சம்பளத்தில் அனுப்பலாம், அதைத் தடுக்கும் சட்டம் கிடையாது. அதை ஒப்பந்த மேசையில்தான் தடுக்க வேண்டும். அந்த மேசையில் உட்காருகிறவர்கள் என்னைப் போன்ற மூத்தவர்கள். ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போடுகிறவர்களும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். இனிமேல் வேலைக்கு வரப்போகிறவருக்கு அங்கே ஓட்டு இல்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் கேப்டன் சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு, முதல் வருஷச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. என் 22 டாலரும் அப்படி ஒரு மேசையில் விட்டுக்கொடுக்கப்பட்டதுதான்.

எங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சு தொடங்கும்போது, முதல் வருஷச் சம்பளம் ஊக்கத்தொகையாக இல்லாமல் அட்டவணையிலேயே இருக்க வேண்டும் என்பதையும், பிரேக்கை விடும் முன் செய்யும் வேலைக்கும் கூலி வேண்டும் என்பதையும் எங்கள் கோரிக்கைப் பட்டியலில் முதல் இரண்டாக வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேப்டன் சம்பளம் மூன்றாவதாக வரட்டும்.